வெள்ளை வந்த பிறகும்

வாழைச்சருகில் மடித்து நாரால் கட்டிய சின்னப் பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூக்கடையில் யாராவது அப்படியொன்றைக் கட்டக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒன்றில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணமோ கிணறோ, எதற்கும் எங்கள் பக்கம் பூக் கேட்பார்கள். கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கலங்கின மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும். எனக்கு ஆகாதது என் பெரியப்பா மாதிரி ஆட்கள்தான்.

பெரியப்பா ராஜபாளையத்தில் மில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "எனக்குத் தோணுது" என்ற பேச்சே அவர் வாயில் வராது, "பெருமாள் சொல்லிட்டாரு" என்பார். மழை பெய்தாலும் பெருமாள் சித்தம், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்தாலும் பெருமாள் சித்தம். விழுந்தவர் தனக்கு ஆகாதவர் என்றால், பெருமாள் ஏன் தள்ளிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆரம்பம்தான், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் மதுரை டாக்டர். "நம்ம வீட்டுப் பொம்பளை ஒடம்புல கத்தி படக் கூடாது" என்று பெரியப்பா அன்றைக்கே சொல்லியாயிற்று. ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து, எதற்கும் சாமியிடம் கேட்டுவிடுவோம் என்று எங்களைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றுப் பெருமாள் கோயிலைத்தான் சொல்கிறேன்.

படியேறிய அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பொட்டலங்களைப் போட்டுவிட்டு, "ஏட்டி, ஒங் கையாலயே எடு" என்றார் பெரியப்பா. எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. பெரியப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "மனசு அலபாயும்போது எடுத்தது செல்லாது. கண்ண மூடிக்கிட்டு இன்னொரு தரம் எடு" என்று பூக்களைத் திரும்பக் கட்டிப் போட்டார். இந்தத் தடவை சிவப்பு. "உத்தரவு ஆயிட்டு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல வெள்ளதான வந்துச்சு, பெரியப்பா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"சாமிகிட்டயே எதிர்க்கேள்வி கேக்கியா?"

அவ்வளவுதான். கஷாயம், பத்தியம் என்று மாசங்கள் ஓடின. கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. வாடைக்கு வெட்கப்பட்டு அக்கா கதவைச் சாத்தியே படுத்துக் கிடந்தாள். நான் வேலை பார்த்தது பேண்டேஜ் துணிக் கம்பெனியில். அங்கே நெய்த துணியையே வாங்கி வந்து என் கூடப்பிறந்தவளுக்குச் சுற்றிவிட்டேன். அந்த வருஷம் முடியும் முன்னே போய்விட்டாள். துட்டிக்கு வந்தவர்களிடம் பெரியப்பா, "பெருமாள் கூப்பிட்டுக்கிட்டாரு, நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீ! அவர் நின்ற பக்கமே நிற்கப் பிடிக்கவில்லை எனக்கு.

நான் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவள்தான். சாமி மனசில் என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக் கும்பிடுவதில் எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் அடுத்தவள் உயிரை வைத்துக்கொண்டு, சாமி மனசு எனக்கு அத்துப்படி என்கிறானே, அவனைக் கண்டால்தான் அருவருப்பாக இருக்கிறது. சாமிக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. அதையும் நான் சொல்லக் கூடாது.

போன மாசம் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் நேரே மதுரை. ரத்தக்குழாயில் அடைப்பு, நாளைக்கே ஸ்டென்ட் வைக்கணும் என்று டாக்டர் சொல்லி முடிக்கும் முன்னே, "வச்சிருங்க சார்" என்றாராம். அன்று சாயங்காலம் நான் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து கட்டி எடுத்துப்போன இரண்டு பொட்டலங்களையும் அவர் படுக்கையில் வைத்தேன்.

"பூக் கேக்க வேண்டாமா, பெரியப்பா? ஒங்க கையாலயே எடுங்க."

நீட்டிக் கிடந்த கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வெளையாடாத தாயி. ஆபத்துக்குப் பாவமில்ல."

"அக்காவுக்கு வந்தது ஆபத்து இல்லையா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொட்டலங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் வைத்துப் பிரித்தேன். இரண்டிலுமே வெள்ளைதான். கட்டினவள் நான், எனக்குத் தெரியும். பெருமாள் மனசு முழுக்கத் தெரிந்த மனுஷருக்கு அது தெரியவில்லை.