வாசல் வாங்கும் இரும்பு அயனும்

"வாங்கில இருக்கிற ரெண்டு பேரும் முதல்ல வாங்கோ," என்று கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிடுகிறாள் சாம்பவி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது அந்தப் போட்டோகொப்பிக் கடை. வருகிறவர்கள் காற்றுக்காக முதலில் வாசலோரம் கிடக்கும், இருவர் இருக்கக்கூடிய மர வாங்கில்தான் உட்காருவார்கள். அது நிரம்பிய பிறகே உள்ளே கிடக்கும் ஐந்து கதிரைகளுக்குப் போவார்கள், அதுவும் ஆளுக்கொன்றாக. "முதல்ல 4s, பிறகு 3d," என்று, அணுவில் இலத்திரன்கள் நிரம்பும் ஒழுங்கைத் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

வயது நாற்பத்திரண்டு. தட்டச்சில் படு வேகம். இரசாயனவியல் குறிப்பு வந்தால் மட்டும் கை தயங்கும். ஒவ்வொரு மூலகத்தின் இலத்திரன் நிலையமைப்பையும் மேசையில் விரலால் பெட்டி கீறி, மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு போட்டு எண்ணிப் பார்த்த பிறகே அடிப்பாள்.

"அடிக்கத்தானே அக்கா சம்பளம்?" என்பார் முதலாளி உமாசுதன்.

"பிள்ளையள் நம்பிப் படிக்குதுகள், தம்பி."

அன்று வந்தது ஆனந்தகிருஷ்ணன் மாஸ்டரின் குறிப்பு. வெள்ளவத்தைச் சுவரெல்லாம் டியூஷன் போஸ்டரில் சிரிக்கிறாரே, அவரேதான். நானூறு பிரதி, உயர்தரப் பரீட்சைக்கு மூன்றே கிழமை. பதினோராம் பக்கத்தில் Fe²⁺ என்ற இரும்பு அயனுக்கு 3d⁴ 4s² என்று எழுதியிருந்தார். சாம்பவிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கடைசியாக நிரம்பியதுதான் முதலில் கழலும் என்று மனிதர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டார்! 4s முந்தி நிரம்பினாலும் வெளியே இருப்பது அதுதான். அயனாகும்போது இலத்திரன் அங்கிருந்துதான் முதலில் போகும். விடை 3d⁶. யாழ்ப்பாணத்தில் அவளுக்கும் ஒருவர் இதே பிழையைப் படிப்பித்தார். அதை நம்பிப் பரீட்சையில் எழுதிப் புள்ளி இழந்த ஆத்திரம் இருபத்துமூன்று வருடமாகியும் அடங்கவில்லை.

திருத்தி அடித்து அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அலறியது.

"இருபது வருசமாப் படிப்பிக்கிறன். எனக்கே பாடமோ? நான் எழுதினபடி அடியும்!"

"சேர், எங்கட கடை வாங்கில ஒருக்கா வந்து இருந்து பாருங்கோ. முதல்ல வந்து இருக்கிறதும் அவைதான், முதல்ல எழும்பிப் போறதும் அவைதான். வாசலோட இருக்கிறவை எல்லோ!"

மாஸ்டர் அழைப்பைத் துண்டித்தார். அடுத்த அழைப்பு உமாசுதனுக்கு. பேசி முடித்ததும் அவர் சாம்பவியின் மேசைக்கு வந்தார். "அவர் தாற வேலை போனால் கடையைப் பூட்டவேணும் அக்கா. சொன்னபடி அடியுங்கோ. இல்லாட்டி நாளைக்கு வராதையுங்கோ."

"ஓம்," என்றாள்.

மாஸ்டர் எழுதியபடியே நானூறும் அடித்து முடித்தபோது மணி மூன்று. கட்டுகளை ஏற்ற வான் ஐந்துக்கு வரும். சாம்பவி கைப்பையிலிருந்து கடைத் திறப்புக் கொத்தை எடுத்து உமாசுதனின் மேசையில் வைத்தாள். கட்டுகளை ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கிப்போய், வாங்கில் உட்கார்ந்தாள். முதல் பிரதியின் பதினோராம் பக்கத்தைப் புரட்டி, சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.