சித்தி மெத்தைக்கடை கட்டிய கதை

என் சித்தி மெத்தைக்கடை வைத்திருந்தாள். அதைக் கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கதவைத் திறந்தால் ஒரு கட்டில், அதன்மேல் ஒரு மெத்தை, மெத்தைமேல் சித்தி, அவ்வளவுதான் இடம். வாடிக்கையாளர் உள்ளே வரவேண்டுமென்றால் சித்தி எழுந்து வெளியே போக வேண்டும். ஆனாலும் வியாபாரம் சக்கைப்போடு போட்டது. யார் எந்த அளவில் மெத்தை கேட்டாலும், "இருக்கே, உட்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கேட்ட மெத்தை பெரியம்மா வீட்டில் இருக்கும்.

சரக்கு முழுவதும் சொந்தக்காரர்கள் வீட்டில்தான் குடியிருந்தது. பெரியம்மா வீட்டில் பஞ்சு மெத்தை, மாமா வீட்டில் ஃபோம் மெத்தை, எங்கள் வீட்டில் தலையணைகளோடு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பெரும்பகுதி என் அறையில். மாமா வீட்டு டிவிக்கு முன்னால் பாதி உயரத்துக்கு மெத்தை அடுக்கியிருந்ததால் மேல்பாதி மட்டும்தான் தெரியும். செய்தி வாசிப்பவர்களுக்குத் தலை மட்டும் தெரிந்தால் போதுமே என்று மாமா செய்தி மட்டும் பார்த்தார். பந்து விளையாட்டு பார்ப்பதை எப்போதோ கைவிட்டுவிட்டார்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சித்தி தனியாக இருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் எந்த நேரமும் எங்களில் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருப்பாள். தலையணை எடுக்க வருவாள். வந்த இடத்தில் டீ குடிப்பாள், அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பாள், என் சட்டை பிடிக்கவில்லை என்பாள், எங்கள் வீட்டு ஃபேன் ஏன் இப்படி முனகுகிறது என்று கேட்பாள். கடையில் ஒருவர் காத்திருப்பது திடீரென்று ஞாபகம் வரும். இரண்டு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவாள். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே தெருவில் ஒரு கூட்டம் உண்டு.

இப்படிப்பட்ட சித்தி ஒருநாள் பெரிய சாலையில் ஒரு மனை வாங்கினாள். கீழே கடை, மேலே வாடகைக்கு அலுவலகம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பிளான் போட ஒரு இன்ஜினியரம்மா வந்தார். நல்ல திறமைசாலி, ஆனால் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. சித்தி கண்ணாடியின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கண்ணாடி அப்புறம். சரக்கை எங்க வைப்பீங்க?"

"விக்கிறதுக்குத்தாம்மா கடை. வைக்கிறதுக்கு எதுக்கு இடம்?"

"அதை இப்பவே முடிவு பண்ணலைன்னா, தூண் எழுப்பினதுக்கு அப்புறம் இடம் பிடிக்கணும். மாடிப்படிக்கு அடியில கொஞ்சம், நடக்கிற வழியில கொஞ்சம், பாத்ரூம்ல கொஞ்சம்னு போய் நிக்கும். நான் நிறைய கடை பாத்துட்டேன்."

சரக்கு எவ்வளவு என்று சித்திக்கே தெரியாது. அதனால் இன்ஜினியரம்மா வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். அதில் ஒன்றும் தப்பில்லை. சித்தியையும் கூட அழைத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு. சித்தியை வைத்துக்கொண்டு அவள் சரக்கைப் பாரம் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கு மனசு வரும்?

பெரியம்மா உள்ளறைக் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். "ஏதோ ரெண்டு மூணு கிடக்கும். அது ஒரு பாரமா?" மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். "இதெல்லாம் எங்க மெத்தைங்க. நாங்க கொஞ்சம் அதிகமா தூங்கற குடும்பம்." என் அம்மா கூடத்தில் இருந்த குவியலின்மேல் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போர்த்தி, அதுதான் சோபா என்று சாதித்தாள். இன்ஜினியரம்மா நம்பி உட்கார்ந்தார். இடுப்புவரை உள்ளே போனவரை நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே எடுத்தோம். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நாங்கள் சொன்ன அளவுக்கே பிளான் வந்தது. பின்பக்க மூலையில், சின்ன சமையலறை அளவில் ஒரு ஸ்டோர் ரூம். சித்திக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் என் அறை ஞாபகம் வந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தாள். நாங்கள் குடித்தனம் நடத்தப்போகிற அறை என்று என் அறைக் கதவைத் திறந்து காட்டினேன். அவள் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெத்தை அடுக்கின்மேல் ஏறி, உச்சியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் எப்ப போகும்?"

"புதுக் கடை கட்டினதும்."

"அங்க எங்க போகும்?"

பிளானை எடுத்து நீட்டினேன். மேலேயே உட்கார்ந்து பார்த்தாள். "இந்த ஸ்டோர் ரூம்ல தலையணையே மடிச்சுத்தான் வைக்கணும். அப்ப மிச்சம் எல்லாம் இங்கயேதானே? நம்ம ரெண்டு பேரும் காலம் பூரா இப்படி ஏறி இறங்கியே வாழணுமா?"

அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சரிந்து, இரண்டு தலையணைகளோடு சேர்ந்து கீழே வந்து விழுந்தாள். எழுந்ததும் சொன்னாள்: "உங்க வீட்ல வாயத் திறந்து சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல. சொல்ல வேணாம். காட்டிருங்க."

அடுத்த ஞாயிறு காலை, சித்தி எழுவதற்கு முன்னால், எல்லா வீட்டுச் சரக்கும் அந்தக் காலி மனைக்குக் கிளம்பியது. வண்டியில் கொஞ்சம், சைக்கிளில் கொஞ்சம். மாமா ஒரு இரட்டை மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வழி தெரியாமல் இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். அதுவரை எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டில்தான் இவ்வளவு அதிகம், மற்றவர்கள் வீட்டில் ஏதோ ரெண்டு மூணு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கேதான் வெளியே வந்தது.

"உங்க வீட்லயுமா இவ்வளவு?"

"அடப்பாவி, நான் என் பெட்ரூமையே பாத்து வருஷக்கணக்காச்சு."

பெரியம்மா சிரிப்பு தாங்காமல் அப்படியே மல்லாக்கச் சாய்ந்தாள். வலிக்கவில்லை, அங்கே எங்கே விழுந்தாலும் மெத்தைதான். அதைப் பார்த்து மாமாவும் விழுந்தார். முழங்கால் வலிக்காரி என் அம்மாகூட யோசித்துப் பார்த்துவிட்டு மெதுவாக விழுந்தாள். குவியல் ஒரு குட்டி மலையாக நின்றது.

நாங்கள் வரச்சொல்லியிருந்த இன்ஜினியரம்மா ஒரு வாளியில் சுண்ணாம்புத்தூள் எடுத்துக்கொண்டு குவியலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு பின்பக்கம் பூராவும் ஓடி, மனையில் பாதியை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். "இது தெரியாம நான் பிளான் போட்டேன் பாருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி வந்து நின்றாள். எல்லோரும் படுத்த இடத்திலிருந்து எழுந்தோம். யார் முதலில் பேசுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஒத்தைக் கட்டில் மெத்தை என்ன விலை?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான், சித்திக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. விலை சொன்னாள், மெத்தையில் தானே படுத்துக் காட்டினாள், புரண்டு காட்டினாள், கேட்டவரையும் படுக்கவைத்தாள். ஒருவர் நின்றதைப் பார்த்து நாலு பேர் நின்றார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சாலையில் போனவர்களில் பாதிப்பேர் தலையில் மெத்தையோடு போனார்கள். மலை கரைந்து மேடானது. சித்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்ஜினியரம்மாவிடம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? அந்தக் கோட்டைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

எங்களோடு தலையணை சுமந்து வந்திருந்த என் மருந்துக்கடைக்காரிதான் பேசினாள். "வித்ததுக்குப் பதிலா நாளைக்கு வேற சரக்கு வரும்ல சித்தி? அது எங்க இறங்கும்?"

சித்தி மிச்சமிருந்த மெத்தைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். கையில் கிடைத்த தலையணையை மடியில் வைத்து அதன் மூலையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இறங்கணும். அது எனக்குத் தெரியாதா? எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துட்டா, அப்புறம் நான் எதை எடுக்கணும்னு சொல்லிட்டு உங்க வீட்டுக்கெல்லாம் வர்றது?"

"நீ வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமாடி?" என்றாள் என் அம்மா.

"உங்களுக்கு வேணாம்க்கா. எனக்கு வேணும். சும்மா வந்து உக்கார எனக்குக் கூச்சமா இருக்கு."

இத்தனை வருஷமும் மெத்தைக்கு இடம் கொடுத்ததாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி அதைக் கேட்க நிற்காமல் தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இன்ஜினியரம்மா கையிலிருந்த வாளியை வாங்கினாள். பழைய கோட்டுக்கு வெளியே ஒரு கெஜம் தள்ளித் தன் கையாலேயே புதுக் கோடு போட்டாள். "ஏணி வைக்க, துடைப்பம் வைக்க இடம் வேணாமா? எதையும் யோசிக்க மாட்டீங்களா?" என்று எங்களைத் திட்டவும் திட்டினாள்.

அந்தக் கோட்டின்மேல்தான் கட்டடம் எழும்பியது. முதலில் குடோன், அதைச் சுற்றி மற்றதெல்லாம். வண்டி பின்னால் வந்து நேரே இறக்கும்படி அகலக் கதவு, ஈரம் ஏறாமல் தரையிலிருந்து தூக்கிய பலகைகள், மெத்தைகளை நிமிர்த்தி வைக்கத் தடுப்புகள். திறப்பு விழாவுக்கு வந்தவர்களை முன்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே சித்தி விடவில்லை. கையைப் பிடித்து நேரே குடோனுக்கு இழுத்துப்போனாள். மெத்தை வாங்க வந்த ஒருவரால், துடைப்பம் வைக்கும் மூலையைப் பாராட்டிய பிறகுதான் தப்பிக்க முடிந்தது.

எங்கள் கல்யாணமும் நடந்தது. அறை காலியாகி, பேசினால் எதிரொலித்தது. முதல் வாரம் அந்த எதிரொலியைக் கேட்கவே நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. சித்தி நின்றிருந்தாள். உள்ளே வராமல், செருப்பைக் கழற்றாமல், படியிலேயே நின்று கேட்டாள்.

"நீலக் கோடு போட்ட தலையணை ஒண்ணு, ஒருத்தர் கேக்கறார். குடோன் பூரா தேடிட்டேன். இங்க எங்கயாவது தங்கியிருக்குமோன்னு..."

எல்லாவற்றையும்தான் அன்றைக்கே கொண்டுபோய்விட்டோமே என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி என் காலை நன்றாக மிதித்தாள்.

"இருக்கு சித்தி. கட்டிலுக்கு அடியில எங்கயோ பாத்த ஞாபகம். மெதுவா தேடலாம், முதல்ல உள்ள வந்து சாப்பிடுங்க."

சித்தி செருப்பைக் கழற்றினாள். சாப்பிட்டாள், அம்மாவின் முழங்காலை விசாரித்தாள், ஃபேனைக் குறை சொன்னாள். கிளம்பும்போது ஞாபகமாக மூவரும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். சுவர் வரைக்கும் பளிச்சென்று வெறும் தரை. சித்தி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்குக் கிடைக்காது போல. நாளைக்குப் பெரியம்மா வீட்ல தேடணும். நாளன்னைக்கு இங்க வர்றேன்."