அண்ணன் பாடாத பாட்டு

அந்த நாடகத்தில் மொத்தம் ஐந்து பாட்டு. ஐந்துக்கும் மெட்டுப் போட்டவள் நான். முதல் பாட்டில் கதாநாயகன் ஆற்றோரக் குடிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவான். நான்காவதில் தீப்பந்தத்தோடு ஒரு முதலாளி வீட்டு வாசலில் நிற்பான். ஐந்தாவதில் மனம் திருந்தி அழுவான். இவ்வளவும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நடுவில் காபிக்கு இடைவேளை வேறு.

கதாநாயகனாக நடித்தவன் என் அண்ணன். பகலில் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எழுதி இயக்கியவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு வங்கி அதிகாரி. அதுவரை மாமியார் மருமகள் சிரிப்பு நாடகங்களாக எழுதித் தள்ளியவருக்கு, எழுபதுகள் பிறந்ததும் திடீரென்று புரட்சி பிடித்துக்கொண்டது. மயிலாப்பூரில் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை. நான் ஆர்மோனியம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கோபம் மூக்குக்கு மேல்.

ஐந்தாவது பாட்டு முதலில் கிடையாது. அந்தக் காலத்தில் நாடகம் போடுவதென்றால் பிரதியைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தீப்பந்தத்தோடு முடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இயக்குநர் ஒரே மூச்சில் கதாநாயகனைத் திருத்திவிட்டார். அண்ணன் முகம் சுளித்தான். எனக்கு வருத்தமே இல்லை. ஐந்து மெட்டிலும் அந்த அழுகைப் பாட்டின் மெட்டுதான் நன்றாக அமைந்தது. அதில் எனக்குத் தலைகொள்ளாத கர்வம்.

குடிசைக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுவரத்தான் அண்ணன் முதலில் அடையாற்றங்கரைக்குப் போனான். போனவன் அங்கே நாலு பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லித்தர ஆரம்பித்துவிட்டான். "வேஷத்தைக் கலைச்சுட்டு ஆபீசுக்குப் போண்ணா" என்று கேலி செய்தேன். சிரித்தான். அந்தச் சில மாதங்கள் அவன் சந்தோஷமாக இருந்தான். அப்படி அவனை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் வந்து நின்றிருந்தன. குடிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறார்களாம். அண்ணனைப் பார்த்ததும் பிள்ளைகள் அவன் கற்றுக்கொடுத்திருந்த முதல் பாட்டைப் பாட ஆரம்பித்தன. என் மெட்டு. கேட்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு மீன்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா நைனா, நீ பாட்டுப் பாடிக்கினு இருந்தா லாரிக்காரன் திரும்பிப் பூடுவானா?"

கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகத்தான் சொன்னாள். அண்ணன் பிள்ளைகளைப் பாட வேண்டாம் என்று கையமர்த்தினான்.

அதற்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்துவிடுவான். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். புதிதாக இரண்டு நண்பர்கள் வந்தார்கள். வீட்டுக்குள் வரமாட்டார்கள், தெருமுனையிலேயே நிற்பார்கள். அவன் சட்டைகளை மடித்து வைக்கும்போது அடியில் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. படித்தேன். துப்பாக்கியை எடு என்று நக்சலைட்டுகள் அச்சடித்தவை. அம்மாவிடம் சொல்லவில்லை.

"உன் பாட்டெல்லாம் வயிறு நெறைஞ்சவா கைதட்டறதுக்குடீ" என்றான் ஒரு நாள்.

"அப்பறம் நீ ஏன் நடிச்சிண்டிருக்கே?"

யோசித்தான். "தெரியலை" என்றான். அந்தப் பதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நாடகம் நடந்தது. மூன்றாவது வரிசையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர், மடியில் பிரதி. ஐந்தாவது பாட்டு வந்தால் எங்கள் ஊர் ரசிகர்கள் பஸ்ஸைப் பிடிக்கக் காலால் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். அன்றும் தேடினார்கள். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாட்டின் முன்னிசையை வாசித்தேன். அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி வாசித்தேன். மேலே தொங்கிய மைக்கை விட்டு விலகி மேடையின் விளிம்புக்கு வந்தான். சபையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். "உங்களுக்கெல்லாம்" என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பிரதியில் இல்லாத சொல். போலீஸ்காரர் தலை நிமிர்ந்தது.

பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். பயம் மட்டுமா என்றால், இல்லை. என் மெட்டைப் பாடாமல் விடுகிறானே என்ற ஆத்திரமும் இருந்தது. என் மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டேன். துருத்தியை வேகமாகப் போட்டு, ஐந்தாவது பாட்டைத் தொண்டை கிழியப் பாடினேன். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, திரை விழும்வரை நின்றான்.

கைதட்டல் ஓயவில்லை. இயக்குநர் ஓடிவந்தார். "பிரமாதம்மா! மனசாட்சியே பாடற மாதிரி இருந்துது. இனிமே இப்படியே வெச்சுண்டுடலாம்!" போலீஸ்காரரும் பக்கவாட்டு வழியாக வந்து, "பாட்டு ரொம்ப நல்லா இருந்திச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அரிதாரத்தைக்கூடத் துடைக்காமல் வெளியே போய்விட்டான்.

நாலாம் நாள் வீட்டை விட்டுப் போனான். தர்மபுரிப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போலீஸ் மூன்று தடவை வந்து விசாரித்தது. பிறகு விசாரிக்கவும் யாரும் வரவில்லை; இனித் தேட ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். அதுதான் அம்மாவை ஒடித்துப்போட்டது.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றினேன் என்றுதான் நான் வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, அந்த நாடகத்துக்கு வராத அம்மா, தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கு மேடையில என்னமோ பேசினானாமே. என்னடி சொன்னான் கொழந்தை? நீ பக்கத்துலதானே உக்காந்திண்டிருந்தே?"

"கேக்கலைம்மா" என்றேன். "நான் பாடிண்டிருந்தேன்."