எங்கள் வீட்டுச்சாமிக்குக் கல்யாணமாகியிருந்தது

எங்களுக்கென்று ஒரு குட்டிச்சாமி இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமான சாமி. அம்மாவைப் பெற்றவளுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். நடை பழகிய வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாளாம். கல்யாணம் காணாமல் செத்த பெண்பிள்ளை வீட்டுக்குத் தெய்வம் அல்லவா? தீபாவளிக்கு முதல் நாள் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், பவுடர் எல்லாம் வைத்துக் கும்பிடுவோம். படையல் முடிந்ததும் பாவாடை எனக்கு. அதனால் சாமிக்குத் துணி தைக்க அம்மா என் இடுப்பைத்தான் அளப்பாள். நான் வளர வளரச் சாமியும் வளர்ந்தது.

"சாமி நல்ல செவப்பு" என்பாள் அம்மா. நாமெல்லாம் கறுப்பாக இருக்கும்போது சாமி மட்டும் எப்படிச் சிவப்பு என்று கேட்டால், போய் விறகு பொறுக்கி வரச் சொல்வாள்.

நான் நாலாம் ஆண்டு படித்தபோது, தீபாவளி நெருங்குகிற நாளில், தோட்டத்து ஆபீஸ் ஐயா ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அயர்லாந்துக்காரியாம். பொகவந்தலாவையிலிருந்து ஆட்டோவில் வந்து, சேற்றில் வழுக்கி வழுக்கி மேலேறி, என் பூட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டாளாம். அதாவது அந்தச் சாமியைப் பெற்றவளின் பெயரை. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். கம்பளிக் கோட்டு போட்ட, தலை நரைத்த கிழவி. மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு.

"இது இவங்க அம்மாவாம். ஒங்க பெரியம்மா சாகலையாம்மா" என்றார் ஐயா. "அந்தக் காலத்து அயர்லாந்துத் துரை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்னு காருல ஏத்திக்கிட்டுப் போயி, கப்பல்ல தன் தங்கச்சிகிட்ட அனுப்பிட்டாராம். அவருதான் புள்ளைக்கு அப்பாவாம்." கடைசி வார்த்தையை மட்டும் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

பூட்டியிடம் துரை சொல்லியனுப்பியது வேறு: பிள்ளை செத்துவிட்டது, ஒட்டுவாரொட்டி நோய், நுவரெலியாவிலேயே புதைத்தாயிற்று. பிள்ளையிடம் சொன்னதோ, உன்னைப் பெற்றவள் செத்துவிட்டாள் என்று. ஒரே பொய்யை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டிருக்கிறான் மனுஷன். வளர்த்த அத்தைக்கு எல்லாம் தெரியும். அவள் சாகும்போதுதான் வளர்த்த பிள்ளையிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை கிழவியாகிச் சாகும்போதுதான் தன் மகளிடம் சொன்னாள். அந்த வீட்டுப் பெண்களுக்குச் சாகப்போகும்போதுதான் வாய் திறக்கும் போலிருக்கிறது. அதற்குள் இங்கே பூட்டியும் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவங்க கல்யாணம் கட்டுனாங்களா?"

கட்டினாளாம். நாலு பிள்ளைகளாம். பேரன் பேத்தியும் பார்த்துவிட்டாளாம்.

வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "இது பெரிய குடும்ப ரகசியம்னு சொல்றாங்க" என்றார் ஐயா.

"ரகசியமா?" அம்மா எழுந்துவிட்டாள். "புள்ளையக் களவாண்டவன் ரகசியம்னுதான் சொல்லுவான். பறிகொடுத்தவளும் அப்புடியே சொல்லணுமாய்யா?"

அதை ஐயா இங்கிலீஷில் சொல்லவில்லை. வீடு பழசாம், மழைக்கு ஒழுகுமாம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தார். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

முறைப்படி பார்த்தால் அந்த வெள்ளைக்காரி அம்மாவுக்கு அக்கா, எனக்குப் பெரியம்மா. பாவம், அவள் என்ன செய்வாள்? போகும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். எனக்கோ வயிற்றெரிச்சல். நாலு பிள்ளை பெற்றவளைக் கன்னித்தெய்வம் என்று யார் கும்பிடுவார்கள்? "அப்ப இந்தத் தீவாளிக்கு எனக்குப் பாவாடை?" என்று கேட்டேன். முதுகில் ஓர் அறை விழுந்தது.

ஆட்டோ சத்தம் மறைந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்ததாக நினைத்த பிள்ளை நன்றாக வாழ்ந்திருக்கிறாள், அதற்கு யாராவது மாரடிப்பார்களா?

அம்மா அழுதது சாமிக்காக அல்ல. பூட்டியைக் கூப்பிட்டுத்தான் அழுதாள். அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்களை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பியபோது, கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரும் போய்விட, பூட்டி மட்டும் பிடிவாதமாக இங்கேயே இருந்துவிட்டவள்.

"எல்லாரும் கப்பலேறுனப்ப நீயும் போயிருக்கலாமே ஆத்தா! எம்புள்ளையப் பொதச்ச மண்ண விட்டு வரமாட்டேன்னு ஒக்காந்தியே ஆத்தா!"

அம்மாவுக்கு இந்தியா போக அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.