முதல் படகின் தக்கை

பாய்மரப் படகு கிளப்பில் அந்தப் பிளம்பரைத் தக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கரையில் ஏற்றி வைக்கும் படகுகளில் மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக, அடித்தட்டு ஓட்டையிலிருக்கும் ரப்பர் தக்கையைக் கழற்றி விடுவது வழக்கம். சீசன் தொடங்கும் நாளில் எவனாவது ஒருவன் அதைத் திரும்பப் போட மறந்து படகை இறக்குவான், மானம் கப்பலேறும். அதனால் நம் ஆள் ஒவ்வொரு வருஷமும் விடிந்ததும் விடியாததுமாக வந்து, "தக்கை போட்டாச்சா, தக்கை போட்டாச்சா?" என்று படகு படகாகக் கேட்டு எல்லார் உயிரையும் வாங்குவார். தண்ணீரை அடைப்பதே தொழிலாக இருப்பவர், கேட்காமல் இருப்பாரா?

சீசன் தொடக்க நாளில் எல்லாப் படகுகளும் வரிசையாகப் போகும் அணிவகுப்பில், இந்த வருஷம் முதல் படகு அவருடையது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த மரியாதை. ஆனால் அந்தப் படகுக்கே வீட்டில் ஆபத்து வந்திருந்தது. அவர் மனைவி கணக்கு டீச்சர், ஒரே முறைப்பில் ஒரு வகுப்பையே உட்கார வைப்பவர். லீவு நாளெல்லாம் படகே கதி என்று கிடக்கும் புருஷனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு தடவை கூட வரேன். கால் நனையாம கொண்டுவந்து விட்டா படகு இருக்கட்டும். நனைஞ்சா வித்துடணும்."

"நனையுறதா? என் படகுலயா?" என்று மார்தட்டினார் தக்கை.

அன்று காலையில் மற்ற இருபத்திரண்டு படகுகளையும் விசாரித்துவிட்டுத் தன் படகைத் தண்ணீரில் இறக்கினார். புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு மனைவி ஏறி உட்கார்ந்தார். பாய் விரிந்தது. மற்றவை பின்னால் வரிசை கட்டின. பாதி தூரம் போயிருப்பார்கள்.

"ஏங்க, கால்ல ஈரமா இருக்கே."

"அலை தெறிச்சிருக்கும்."

"கணுக்கால் வரைக்குமா தெறிக்கும்?"

குனிந்து பார்த்தார். மனைவியின் காலடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஊரையெல்லாம் கேட்டவர் தன்னைக் கேட்கவில்லை. சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றையும் தடவினார்.

"தக்கை... தக்கையை எங்க வச்சேன்?"

"சிவப்பா, வளையம் வச்சதா?"

"ஆமா ஆமா! பாத்தியா?"

"எட்டு மாசமா தினம் பாக்குறேன். சிங்க்குக்கு அடியில."

அவருக்கு நினைவு வந்துவிட்டது. பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிப் போட்டபோது அதன் தண்ணீர் போய்ச் சேரும் சிங்க் குழாயின் வாய் திறந்து கிடந்து, சமையலறை குளமானது. "ரெண்டு நாளைக்கு இது இருக்கட்டும், நல்ல மூடியா கொண்டுவரேன்" என்று படகின் தக்கையைச் செருகியவர் அவரேதான். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகாமல் இருந்தது, சொந்த வீட்டுக்கு மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

திரும்பவும் முடியாது. முதல் படகு போகிற வழியில்தான் எல்லாரும் போக வேண்டும் என்பது விதி. அவர் திரும்பினால் இருபத்திரண்டும் திரும்பும். படகு போச்சு, மானமும் போச்சு என்று அவருக்குக் கண் கலங்கியது.

மனைவி ஒரு ஷூவைக் கழற்றினார். வெறும் குதிகாலை ஓட்டையின் மேல் அழுத்தி வைத்து, ஷூவால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினார்.

"என்ன பாக்குறீங்க? ஓட்டுங்க!"

கிளப் தலைவரான பல் டாக்டர் தன் மோட்டார் படகில் ஒலிபெருக்கியோடு நின்றிருந்தார். அவரைக் கடக்கும்போது கூட வருபவர் எழுந்து தொப்பியைக் கழற்ற வேண்டும். எழுந்தால் படகு முழுகும். டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே, முதுகு வளையாமல், தொப்பியை மட்டும் தூக்கினார்.

"ஆகா! முதல் படகைப் பாருங்க! ஆடாம அசையாம என்ன ஒரு கம்பீரம்!" என்று ஒலிபெருக்கி அலறியது. அவ்வளவுதான், பின்னால் வந்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மனைவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தார் தக்கை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

கரையில் பல் டாக்டர் ஓடி வந்து, "எப்படிம்மா எழுந்திருக்காமயே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இவர் ஓட்டுற அழகுல எழுந்திருக்கவே மனசு வரல சார்."

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் டீச்சரின் ஷூ சதக் சதக்கென்றது. தக்கை மெல்லக் கேட்டார்.

"அப்ப... படகை வித்துடவா?"

"முதல்ல இன்னைக்கே அந்தக் குழாய்க்கு ஒரு மூடி போடுங்க. தக்கையைக் கழட்டி என் கையில குடுங்க."

"உன் கையில எதுக்கு?"

"அடுத்த வருஷம் நானே கொண்டுவரேன். உங்களை நம்ப முடியாது."