கோயில் பாயில் அம்மா தூங்கிய ஞாயிறு

உலக யுத்தம் தொடங்கிய சமயம். பென்னாகரத்துப் பக்கம் எங்கள் ஊரில், புளி உலுக்க மரமேறிய அப்பா கிளை முறிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் கட்டிலோடு கிடந்தும் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. யாராவது இப்படிப் பார்த்துக்கொள்வார்களா, சொல்லுங்கள் பார்ப்போம்! புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, களியைக் கரைத்து ஊட்டுவது எல்லாம் அம்மாதான். மகளான என்னைக்கூடத் தொடவிடமாட்டாள். "உனக்குப் பக்குவம் தெரியாது, போடி" என்பாள்.

ஆனால் அவளுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. அடுப்பெதிரே உட்கார்ந்தபடியே சொக்கி விழுவாள். ஒருநாள் கிணற்றடியில் தலைசுற்றிக் குடத்தோடு சாய்ந்தாள். நான் பிடித்திருக்காவிட்டால் உள்ளே போயிருப்பாள். அம்மா போய்விட்டால் அப்பாவும் அவ்வளவுதான்.

எங்கள் சபையார் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை தவறாமல் வீட்டு ஜெபத்துக்குக் கூட்டமாக வந்தார்கள். வந்தால்? அம்மா வாசல் மெழுகவேண்டும், பாய் விரிக்கவேண்டும், அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி போடவேண்டும். "இந்தச் சகோதரிக்குப் பெலன் தாரும்" என்று உருகி உருகி ஜெபித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இருந்த பெலனும் அன்றைக்குத்தான் போகும்.

அந்தச் சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. சபையை நடத்தும் உபதேசியார் ஆமென் சொன்னதும் வெடித்தேன்.

"பெலன் அப்பறம் வரட்டுங்க. மொதல்ல எங்கம்மா தூங்கணுங்க. யாராச்சும் ஒருத்தர் எங்கப்பாவப் பாத்துக்குவீங்களா?"

அம்மா முறைத்தாள். நான் சட்டை பண்ணவில்லை. உபதேசியாரின் சம்சாரம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு சொல்றது நாயந்தானுங்க. நாளைக்கு நீங்க ஆராதனைக்குப் போங்க. அண்ணனை நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, இவரை வுட்டுட்டு எப்படிங்க? ஆண்டவர் ஒப்படைச்ச வேலையாச்சே" என்றாள் அம்மா.

கட்டிலிலிருந்து அப்பா பேசினார். "புயலடிக்கிற படகுலயே ஆண்டவர் தலையணை வெச்சுத் தூங்கினாரு. நீ அவருக்கும் மேலயா? போ புள்ள."

மறுநாள் எங்கள் சபைக் கோயிலில், பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்த அம்மா, பிரசங்கம் ஆரம்பிக்கும் முன்பே என் மடியில் சரிந்துவிட்டாள். குறட்டை வேறு! பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்ட, நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். உபதேசியாரும் கவனித்தார். தொண்டை கிழியப் பேசுகிற மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். முடிவுப் பாட்டு இல்லை. மணி அடிக்கவில்லை. ஆசீர்வாதத்தைக்கூடக் கிசுகிசுவென்று சொன்னார். மொத்தச் சபையும், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, நுனிக்காலில் வெளியேறியது. எங்கள் சபை அது! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

வெயில் சாயும்போதுதான் அம்மா எழுந்தாள். "அடிப்பாவி, எழுப்பக்கூடாதா?" என்று அடித்துப்பிடித்து வீட்டுக்கு ஓடினாள். முதல் வேலையாக அப்பாவின் முதுகைத் தடவிப் பார்த்தாள். எங்கும் கன்றிச் சிவக்கவில்லை. உபதேசியாரின் சம்சாரம் நன்றாகத்தான் புரட்டிப் போட்டிருந்தார்.

"சிரமப்பட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நல்லாத் தூங்கினேன் புள்ள. நீ முழிச்சிருக்கறயேன்னு இத்தனை நாளா எனக்கும் தூக்கமில்ல. நீ செத்த நேரம் சாயட்டும்னு, தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். இன்னிக்குத்தான் நெசமாத் தூங்கினேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "அட மனுசா, சொல்லித் தொலைக்கறதுதானே!" என்று சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு நான் தலை சீவி முடிப்பதற்குள், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.