ஒற்றை வெள்ளிச் சக்கரம்

வண்டி நிறுத்தத்தில் அவளுக்கு நட்டுக்காரி என்று பெயர். நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் தொட்டுப் பார்க்காமல் காலையில் பிக்கப் வண்டியில் ஏறமாட்டாள் என்பதால் மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது.

பதினோரு ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் தையலைச் சோதித்தவள். கணவனுக்கு முதுகெலும்பு பிசகி, அவன் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க நேர்ந்தபோது, நாற்பத்திரண்டாம் வயதில் உரிமம் வாங்கி அதே இருக்கையில் ஏறினாள். பூத்தையலுக்குத் துணி மாட்டும் சட்டத்தை ஒரு பக்கமாகவே முடுக்கினால் துணி சுருங்கும் என்பது அங்கே கற்ற பாடம். ஆகவே சக்கரத்தின் ஆறு நட்டுகளையும் எதிரெதிராகவே முடுக்குவாள். முதலில் விரலால் திருகுவது, பிறகு ஸ்பேனர், சக்கரம் தரையில் பதிந்த பின் டார்க் ரெஞ்ச். குறித்த அளவு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லிவிடும் கருவி அது. ஸ்பேனரின்மேல் ஏறிக் குதிப்பவர்களிடம், “நட்டு என்னண்ணே பாவம் பண்ணுச்சு?” என்று கேட்பாள்.

அந்த வாரம் கண்ணாடிக் கடை முதலாளி சோதனைக்காக அவளுக்கு ஒரு நடை கொடுத்திருந்தார். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக எழும்பும் பள்ளிக்கூடத்துக்கு, பதினொரு மணிக்குள் ஜன்னல் கண்ணாடிகள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வாரம் மூன்று நடை நிரந்தரம். பிசகினால் வேறு வண்டி.

இதில் தன் கையும் பட வேண்டும் என்று கணவனுக்கு ஆசை. முந்தின நாள் அவள் கழற்றிக் கொடுத்த பின்சக்கரம் ஒன்றுக்கு, முக்காலியில் உட்கார்ந்தபடியே வெள்ளிப் பூச்சு அடித்தான். அதற்குள் இடுப்பு வலி எடுத்துவிட்டது. மற்ற மூன்றும் பழைய கோலத்திலேயே நின்றன. மாலையில் அவளே மாட்டி, முறைப்படி முடுக்கினாள். ஆறு தரமும் ‘டிக்’ கேட்டது. மறுநாள் நிறுத்தத்தில், வண்டி ஒரு காலுக்கு மட்டும் கொலுசு போட்டிருக்கிறதே என்று சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் கண்ணாடி பொருத்தப்போகும் கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஐம்பதாவது கிலோமீட்டரில் அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

“நேத்துதானம்மா முடுக்குன?”

“மாட்டுன சக்கரத்தக் கொஞ்சம் ஓடவிட்டு இன்னொரு தடவை பாக்கணும்ண்ணே. ரெண்டு நிமிஷம்.”

ரெஞ்சைப் போட்டாள். அது ‘டிக்’ என்று சொல்லவில்லை. நட்டு வழுக்கிக்கொண்டு கால் சுற்று சுற்றியது. அடுத்ததும் அப்படியே. நட்டின் ஓரத்திலிருந்து வெள்ளித் தூள் உதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். நட்டு பதிந்து உட்காரும் குழிகளுக்குள்ளும் அவன் ஆசையாகப் பூச்சு அடித்திருந்தான். அது நசுங்க நசுங்க இறுக்கம் தளர்ந்திருக்கிறது. பளபளப்பில் மயங்கி அவளும் கவனிக்காமல் மாட்டிவிட்டாள்.

முதலாளி இதற்குள் இரண்டு முறை அழைத்துவிட்டார். முடுக்கிவிட்டுக் கிளம்பிவிடலாமே என்றார் கண்ணாடிக்காரர். அவள் மணியைப் பார்த்தாள். வாரம் மூன்று நடையும் கண்முன்னே வந்து போயிற்று.

“இதுமேல எத்தன தடவ முடுக்கினாலும் பூச்சுதாண்ணே இறுகும், சக்கரம் இறுகாது. கழட்டத்தான் வேணும்.”

முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட்டு, ஜாக்கியை மெல்ல மெல்ல ஏற்றினாள். அவர் கீழே நின்றபடியே, கண்ணாடிகள் சாயாதிருக்க அவற்றின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் கழன்றதும், கண்ணாடியில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டும் தம்முடைய தகட்டை எடுத்து அவரே குனிந்தார். ஆறு குழிகளும், பூச்சு பட்டிருந்த, அச்சோடு ஒட்டும் பின்முகமும் வெறும் இரும்பாகும்வரை இருவரும் சுரண்டினார்கள். பிறகு விரல், ஸ்பேனர், தரை, ரெஞ்ச். ஆறு ‘டிக்’.

ஐம்பது நிமிடம் தாமதம். பள்ளிக்கூட வாசலில் வேலையாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி மறுபடி அழைத்தபோது கண்ணாடிக்காரரே பேசினார்.

“லேட்டுதான் முதலாளி. ஒரு கண்ணாடியில கீறல் இல்ல. இந்தம்மா நிறுத்தலன்னா சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உருண்டிருப்போம். இனிமே என்னை வேற வண்டியில அனுப்பாதீங்க.”

முதலாளி வியாழக்கிழமை வண்டி காலியா என்று கேட்டார். அன்று அரைமணி முன்னதாகவே கிளம்ப வேண்டுமாம்.

திரும்பும் வழியில், ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் கண்ணாடிக்காரர்தான் முதலில் இறங்கி ரெஞ்சை எடுத்து நீட்டினார். ஒரு நட்டும் அசையவில்லை.

மாலையில் கணவன் வாசலிலேயே காத்திருந்தான். சக்கரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டான். அவள் வழியில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது. தூரிகையைத் துணியில் சுற்றத் தொடங்கினான். அவள் உள்ளே போய்த் தன் பழைய தையல் கத்தரியையும் ஒட்டுநாடாவையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

“வட்டம் வட்டமா வெட்டுங்க. குழியையும் பின்பக்கத்தையும் மறைச்சுட்டு மத்த மூணுக்கும் அடிக்கலாம். வண்டி ஒத்தக் கொலுசோட எத்தன நாளைக்குத்தான் போகும்?”

அவன் ஒரு சக்கரத்துக்கு ஆறு வட்டம் என்று கணக்குப் பார்த்தான். “இருவதா வெட்டுறேன்,” என்றான். “ரெண்டு கிழிஞ்சாலும் கிழியும்.”